லென்ஸ் யார் கையில்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28 நெருங்கும்போது நமது ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அரசுப் பள்ளிகளின் நினைவு வந்துவிடுகிறது. சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை 1928இல் அறிவித்த நாள் அது. 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று வேன்களிலும் பேருந்துகளிலும் மாணவர்கள் அழைத்துவரப்படுகிறார்கள். திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்த ரோஜாப்பூ கண்ணாடி போல நொறுங்குகிறது. குழந்தைகள் கைதட்டுகிறார்கள். சமோசாவும் ஜூஸ் பாக்கெட்டும் கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் செய்தி வருகிறது: ‘கிராமப்புற மாணவர்களிடம் அறிவியல் ஆர்வத்தைத் தூண்டும் நிகழ்ச்சி.’

அந்தச் செய்தியின் ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஆர்வத்தைத் தூண்டுகிறோம் என்றால், அதுவரை அங்கே ஆர்வம் இல்லை என்று பொருள். சேரியிலிருந்தும் மலைக் கிராமத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அறிவியலில் நாட்டமில்லை, அதனால்தான் அவர்கள் விஞ்ஞானி ஆவதில்லை, நாங்கள் போய் ஒரு பொறியைப் பற்றவைத்தால் சரியாகிவிடும் என்கிற கதை அதற்குள் இருக்கிறது. நல்ல மனம் படைத்தவர்கள்கூட இந்தக் கதையை நம்புகிறார்கள். இதை நம்பினால் நிறுவனத்துக்குள் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இந்தக் கதையின் பெரிய வசதி.

முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே, சில ஆண்டுகளாக வார இறுதிகளில் நண்பர்களோடு அரசுப் பள்ளிகளுக்கும் மாலை நேர வகுப்புகளுக்கும் போய்ச் சோதனைகள் செய்துவருகிறேன். ஆர்வமில்லாத ஆறாம் வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு. ஒரு மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள் நிற்கும்போது, லென்ஸை யார் முதலில் எடுக்கிறார்கள், யார் இரண்டடி பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்பது யாரும் சொல்லாமலேயே முடிவாகிவிடுகிறது.

ஆர்வம் இருக்கிறது, இடம் இல்லை

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சரும் அவரது குழுவினரும் 2009இல் ‘ஆஸ்பயர்ஸ்’ என்ற நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பத்து வயது முதல் பின்தொடர்ந்த ஆய்வு அது. அவர்கள் கண்டது இதுதான்: பெரும்பான்மையான பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. பெற்றோரும் அறிவியலை மதித்தார்கள். ஆனால் விஞ்ஞானி ஆக விரும்புவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்தான். பிடிக்கும், ஆனால் அது என்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்ற முடிவுக்கு மற்றவர்கள் மிகச் சிறு வயதிலேயே வந்துவிட்டிருந்தார்கள். வீட்டிலோ உறவிலோ அறிவியல் வேலையில் யாராவது இருக்கிறார்களா, அதைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறதா, அறிவியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று தெரியுமா என்பவற்றையெல்லாம் சேர்த்து ‘அறிவியல் மூலதனம்’ என்று அந்த ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். வர்க்கத்தால் அந்த மூலதனம் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது அவர்களது வாதம்.

இங்கிலாந்தின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அந்தக் கேள்வியைக் கொண்டுவரலாம். ‘என்னைப் போன்றவர்களுக்கு இல்லை’ என்ற எண்ணம் இங்கே எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. தீண்டாமை என்ற சொல்லுக்குள்ளேயே தொடுதல் இருக்கிறது. எதை யார் தொடலாம், எதை யார் மட்டுமே தொட வேண்டும் என்ற விதிகளின் தொகுப்புதான் சாதி. அறிவியலோ தொட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. இந்த இரண்டும் ஒரே வகுப்பறையில் மோதாமல் இருக்க வழியே இல்லை.

அம்பேத்கரின் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளியின் குழாயை அவர் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் இல்லையென்றால் தாகத்தோடு இருக்க வேண்டும். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டிகளை எடுக்கச் சாதி இந்து மாணவர்கள் ஓடினார்கள் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் பதிவு செய்திருக்கிறார். கணக்கில் ஆர்வம் அவருக்கு இல்லாமலா இருந்தது? கரும்பலகையை நெருங்குவதே அங்கே பிரச்சினையாக இருந்தது.

இந்த நாட்டில் அறிவியல் ஏன் தேங்கியது என்ற கேள்விக்கு வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் சொன்னார். 1902இல் முதல் தொகுதி வெளிவந்த அவரது இந்து வேதியியல் வரலாற்றில், கைத்தொழில்கள் எல்லாம் ‘தாழ்ந்த’ சாதிகளிடம் தள்ளப்பட்டதும், சிந்திக்கிறவர்கள் பொருள்களைத் தொடுவதை விட்டார்கள், பொருள்களைத் தொடுகிறவர்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டது, அதோடு ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கமே செத்துப்போனது என்று வாதிட்டார். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றான பிறகு அறுவை மருத்துவம் எப்படி வளரும் என்றும் கேட்டார்.

அந்த ராய், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திய மாணவர்களில் ஒருவர் மேக்நாத் சாஹா. டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சின்ன மளிகைக் கடைக்காரரின் மகன். ‘தாழ்ந்த’ சாதி என்பதால் ஈடன் இந்து விடுதியில் உடன் படித்த மாணவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள். 1920இல் அந்த மாணவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டுதான் விண்மீன்களின் நிறமாலையைப் படித்து அவற்றின் வெப்பநிலையை உலகம் கணக்கிடக் கற்றது. சாஹாவின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்கும். அந்தச் சாப்பாட்டு அறை இருக்காது.

ஒரு குச்சி போதும்

இதைச் சொல்வதால் செய்து பார்க்கும் அறிவியல் வீண் என்று நான் சொல்லவருவதாக நினைக்க வேண்டாம். அது மிக மிகத் தேவை. திரவ நைட்ரஜன் வித்தையைப் போன்றது அல்ல அது. வித்தையில் செய்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் நூறு பேர். சோதனையில் எல்லோருமே செய்கிறவர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவில் இருக்கும் நமக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் சரியாக உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொன்று. அன்று உச்சிவேளையில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சி நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளந்தால், கிட்டத்தட்ட 8.7 சென்டிமீட்டர் நிழல் கிடைக்கும். சூரியன் அங்கே உச்சியிலிருந்து 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள். 5 பாகை என்பது முழு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக இடைவெளி, வரைபடத்தில் அளந்தால், சுமார் 555 கிலோமீட்டர். 72ஆல் பெருக்குங்கள். 39,960 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்.

இதற்கு ஒரு குச்சி, ஒரு ஸ்கேல், அந்தப் பக்கம் ஒரு போன் போதும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எரட்டோஸ்தனிஸ் செய்த அதே கணக்கு. இரண்டு அரசுப் பள்ளிகள் சேர்ந்தால் செய்துவிடலாம். இதைச் செய்து முடித்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பூமி எவ்வளவு பெரியது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளே அளந்திருக்கிறாள். அந்த எண் சரியா என்று பார்க்க யாருடைய பிறப்பையும் பார்க்க வேண்டியதில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு பிள்ளை குச்சி நட்டால் அதே விடை வரும். பெரியவர்கள் சொன்னார்கள், ஏட்டில் இருக்கிறது, எப்போதும் அப்படித்தான் என்ற மூன்று பதில்களும் அங்கே செல்லாது. சாதி நிற்பதே இந்த மூன்று பதில்களின் மீதுதான். நிழலை அளந்து பழகிய பிள்ளை, கிரகணத்தன்று ஏன் சாப்பிடக் கூடாது என்று வீட்டில் கேட்பாள். பிறகு, ஏன் அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்றும் கேட்பாள்.

நமக்கு இது புதிதும் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியா நண்பர்கள் ஊரக மையமும் ஓர் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பின்னாளில் அதை ஏகலவ்யா அமைப்பு ஏற்று நடத்தியது. ஒவ்வொரு குழுவுக்கும் சோதனைப் பெட்டி கொடுக்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் விடைகளுக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடந்தன. அங்கே வந்துபோன இளம் பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் கற்பிக்கும் பொம்மைகளைச் செய்தார். முப்பது ஆண்டு ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடிவிட்டது. அரசுப் பள்ளியில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. அரசு நினைத்தால் ஒரே உத்தரவில் அழித்துவிடலாம் என்பதற்கும் அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. 2022 நவம்பர் 28 அன்று ‘வானவில் மன்றம்’ திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில், கருத்தாளர்கள் பொருள்களோடு வந்து பிள்ளைகளைச் சோதனை செய்யவைக்கும் திட்டம். திருச்சி காட்டூரில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் பள்ளியில்தான் அதன் தொடக்க விழா நடந்தது. நல்ல தொடக்கம். அதனால்தான் அதனிடம் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

கைக்கு இரண்டு வரலாறு உண்டு

கையால் செய்து கற்பது என்றாலே முற்போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் ‘கையால் கற்பதை’த்தான் பேசியது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் திராவிடர் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. பிறப்போடு கையைக் கட்டிப்போடும் கல்வி அது. இன்றும் ‘பாரம்பரியத் திறன்’, ‘குடும்பத் தொழில்’ என்ற புதிய பெயர்களில் அது எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.

எனவே நாம் செய்யும் சோதனைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். தோலை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் தோலிலிருந்து முடி ஏன் கழன்று வருகிறது? ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின், தோலின் கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. இது வேதியியல். இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களுக்குக் கிடைத்தது தீட்டுப் பட்டமும் ஊருக்கு வெளியே குடியிருப்பும். அதே வேதியியலை ஆராய 1948இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே அதற்குப் பெயர் தொழில்நுட்பம். அதைப் படித்தால் பட்டம், ஆய்வு செய்தால் முனைவர் பட்டம். ஒரே வேலை கை மாறும்போது இழிவாகவும் அறிவாகவும் பெயர் மாறுகிறது.

பறையைக் காய்ச்சும்போது தோலின் ஈரம் போய், இழுவிசை கூடி, ஒலியின் அதிர்வெண் ஏறுகிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கம்பியின் இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் படிக்கிறோம். கூடவே பறையையும் ஏன் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது? கொண்டுவரலாம். ஆனால் தலித் மாணவனைப் பார்த்து, ‘உனக்குத்தான் தெரியுமே, நீ அடித்துக் காட்டு’ என்று சொன்ன நொடியில் அது குலக்கல்வி ஆகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் தொட வேண்டும், எல்லோரும் காய்ச்ச வேண்டும், எல்லோரும் அதிர்வெண்ணை அளக்க வேண்டும். தோலைத் தொடவே கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்குத்தான் அந்தச் சோதனை அதிகம் தேவை. காஞ்சா அய்லய்யா எழுதி துர்காபாய் வியாம் ஓவியம் தீட்டிய சிறுவர் நூல் ஒன்று, உழைக்கும் சாதிகளின் வேலைகளில் உள்ள அறிவைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறது. அது ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் தன்மதிப்புக்கான நூல் மட்டும் அல்ல. மற்றப் பிள்ளைகளின் அறியாமையைப் போக்கும் நூலும்கூட.

யார் பார்க்கிறார்கள், யார் கழுவுகிறார்கள்

இனி அந்த மேசைக்கு வருவோம். ஒரு நுண்ணோக்கி, ஆறு பிள்ளைகள். ‘குழுவாகச் செய்யுங்கள்’ என்று விட்டுவிட்டால், ஊரில் யார் எங்கே நிற்பார்களோ அப்படியே மேசையிலும் நிற்பார்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பையன் கண்ணை வைத்துப் பார்ப்பான். அழகான கையெழுத்துக்காரி என்று ஒரு பெண் குறிப்பு எழுதுவாள், கடைசிவரை எழுதிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் எடுத்து வரவும், முடிந்த பிறகு கண்ணாடித் தகடுகளைக் கழுவி வைக்கவும் ஒரு பிள்ளையை அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்கே விடை தெரியும். தலித் மாணவர்களைப் பள்ளிக் கழிவறையைக் கழுவவைத்த செய்திகள் இன்றும் வந்துகொண்டிருக்கும் மாநிலம் இது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சின்னதுரையும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல் எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. சோதனைக் குழாயைப் பிடிக்க நீளும் அதே கையில்தான் அந்தக் கயிறும் இருக்கிறது. ‘நாங்கள் அறிவியல் மட்டும் சொல்லிக்கொடுக்க வந்தோம், சாதி எங்கள் வேலை இல்லை’ என்று கருத்தாளர்கள் ஒதுங்கிவிட முடியாது. கயிறு கட்டிய கை லென்ஸைத் தரவில்லை என்றால் அந்த வகுப்பில் அறிவியலும் நடக்கவில்லை.

இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை, சில விதிகள் போதும். குழுவை நாமே பிரிக்க வேண்டும், உட்கார்ந்த வரிசையில் பிரிக்கக் கூடாது. பார்ப்பது, அளப்பது, எழுதுவது, கழுவுவது என்ற நான்கு வேலைகளும் சுழல வேண்டும். கழுவுவதும் சோதனையின் பகுதிதான், எல்லோரும் கழுவ வேண்டும், வந்திருக்கும் முனைவர் பட்ட மாணவரும் சேர்ந்து. எல்லோர் கைக்கும் கருவி போகாமல் அடுத்த சோதனைக்குப் போகக் கூடாது. பன்னிரண்டு சோதனைகளைக் காட்டிவிட்டு வருவதைவிட, ஒன்றை நாற்பது பேரும் செய்துவிட்டு வருவது மேல். ஒரு முறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வராமல், அதே பள்ளிக்கு மாதம் ஒரு முறையாவது திரும்பத் திரும்பப் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மூன்றாவது முறை போனபோதுதான், எப்போதும் பின்னால் நின்ற பிள்ளை தானாக வந்து நுண்ணோக்கியின் திருகைத் திருப்பினாள்.

‘இன்னுமா படிக்கிறீங்க அக்கா?’

எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். கூடவே இன்னொன்றும் வரும்: ‘இதுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?’ உடன் வந்த தோழர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதுதான் அன்றைய நாளின் முக்கியமான கேள்வி. அறிவியலை ஒரு வேலையாக நினைக்கத் தொடங்கிய பிள்ளைதான் அதைக் கேட்கும்.

அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும். ஆம், கொடுப்பார்கள். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தனியாக ஒரு தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. ஐசர் போன்ற நிறுவனங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அறிவியல் படிக்க நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதில் இடஒதுக்கீடும் இருக்கிறது. சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர். அறிவியல் வேலை என்றால் டாக்டர், என்ஜினியர், ‘சயின்டிஸ்ட்’ என்ற மூன்று பெயர்களோடு முடிந்துவிடுவதில்லை. ஆய்வகத் தொழில்நுட்பர், மண் பரிசோதகர், வானிலைக் கணிப்பாளர், தடய அறிவியல் அலுவலர், புள்ளியியலாளர் என்று நூறு வழிகள் உண்டு. இவையெல்லாம் படித்த குடும்பங்களில் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொள்ளும் செய்திகள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இவை எங்கும் கிடைப்பதில்லை. லென்ஸைக் கொடுத்துவிட்டு இந்தத் தகவலைக் கொடுக்காமல் வருவது பாதி வேலை. எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும், விடுதிக்கு என்ன செலவாகும் என்பதுவரை சொல்ல வேண்டும். பெற்றோரையும் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும்.

இடஒதுக்கீட்டைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். அது சலுகை என்று அந்தப் பிள்ளையின் காதில் வேறு யாராவது ஓதுவதற்கு முன், அது உரிமை என்று நாம் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நுழைந்த பிறகு

இத்தனையும் செய்துவிட்டோம். பிள்ளை படித்தாள், தேர்வானாள், ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கே என்ன காத்திருக்கிறது?

சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் சமூகத்தில் பிறந்த செந்தில்குமார், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்கப் போனார். அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று நாம் ரோஹித் வெமுலாவை இழந்தோம். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவரது ஆய்வு உதவித்தொகை ஏழு மாதங்களாக வந்திருக்கவில்லை. இந்த இருவரிடமும் ஆர்வம் குறைவாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 4ஆம் பிரிவு, ‘உயர் சிறப்பு’ நிறுவனங்கள் என்றும் நாட்டு முக்கியத்துவம் வாய்ந்தவை என்றும் ஒரு பட்டியலுக்கு விலக்கு அளிக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாட்டின் மிக நல்ல அறிவியல் பரப்புரை நிகழ்ச்சிகள் சிலவற்றை நடத்துவது இத்தகைய நிறுவனங்கள்தான். அங்குள்ள பலர் உண்மையான அக்கறையோடு பள்ளிகளுக்குப் போகிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரி 28 அன்று வாசலைத் திறந்து, ‘வாருங்கள் குழந்தைகளே, நீங்களும் விஞ்ஞானி ஆகலாம்’ என்று அழைக்கும் இடத்தில், பேராசிரியர் பணிக்கு அந்தக் குழந்தைகளின் இடஒதுக்கீட்டு உரிமை செல்லாது.

2023இல் ‘நேச்சர்’ இதழ், தகவல் உரிமைச் சட்டத்தின் வழி கிடைத்த விவரங்களைத் தொகுத்து, இந்தியாவின் முன்னணி அறிவியல் நிறுவனங்களில் மேலே போகப் போகத் தலித், பழங்குடி மக்களின் பங்கு எப்படிச் சுருங்குகிறது என்று எழுதியது. பள்ளிக்கு வரும் விஞ்ஞானியின் முகம் ஏன் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. தன் தெருவிலிருந்து போன ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டு வந்து நின்றால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதை, எந்தச் சோதனைப் பெட்டியும் கொடுத்துவிட முடியாது.

நம் வேலை

இதைப் படிக்கும் உங்களில் பலர் அறிவியல் படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள். உங்கள் பழைய பள்ளிக்குப் போங்கள். ஊர்ப் பள்ளிக்கும் சேரிப் பள்ளிக்கும் சேர்த்துப் போங்கள், இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் நிறுத்துங்கள். ஏப்ரலில் நிழலில்லா நாள் வருகிறது, பள்ளி விடுமுறை விடுவதற்கு முன்பே இரண்டு ஊர்களை இணைத்துக் குச்சி நட ஏற்பாடு செய்யுங்கள். சோதனை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, உதவித்தொகையையும் நுழைவுத் தேர்வையும் பேசுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அழைத்தால் எடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. வானவில் மன்றம் எட்டாம் வகுப்போடு நிற்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் பூட்டிக் கிடக்காத ஆய்வகம் வேண்டும். கருத்தாளர்களுக்கு நிலையான ஊதியமும், வகுப்பறைச் சாதியை எப்படிக் கையாள்வது என்ற பயிற்சியும் வேண்டும். சந்துரு குழுப் பரிந்துரைகள் அலமாரியில் தூங்கக் கூடாது. ஆய்வு உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும். வீட்டிலிருந்து பணம் வரும் மாணவர் ஆறு மாதத் தாமதத்தைத் தாங்கிவிடுவார், வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவர் தாங்க மாட்டார்.

நிறுவனங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த அறிவியல் நாளில் எத்தனை பள்ளி மாணவர்கள் வந்தார்கள் என்று செய்திக்குறிப்பு வெளியிடுவீர்கள் அல்லவா? அதே குறிப்பில், அந்த மாணவர்களின் சமூகங்களிலிருந்து உங்களிடம் எத்தனை ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள். அளந்து பார்த்து உண்மையைச் சொல்வதுதானே அறிவியல். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.